ஏழாம் மாதத்து விளக்கெண்ணெய்

கர்ப்பிணி வாந்தி எடுத்தால் வீடே மகிழ்ந்துபோகிறது. நெஞ்சு எரிகிறது என்றால் பிள்ளைக்கு முடி அடர்த்தியாம். கால் வீங்கினால் தலையணை வருகிறது, இடுப்பு வலித்தால் தைலம் வருகிறது. மலச்சிக்கல் என்ற ஒன்றுக்கு மட்டும் இந்தக் கொண்டாட்டத்தில் இடமே கிடையாது. கர்ப்பகாலப் படங்களில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துப் புன்னகைக்கிறார்களே, அந்தப் பெண்களில் பலர் அந்த நிமிடத்தில் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கத்தியே அடக்குகிற தொண்டை எனக்கு. அப்படிப்பட்டவள், டாக்டர் "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டபோது, "கொஞ்சம் டைஜெஷன் சரியில்ல மேடம்" என்று குழைந்தேன். அவர் நெஞ்செரிச்சல் என்று எடுத்துக்கொண்டு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். வாங்கிக் குடித்தேன். நன்றாக இனித்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

ரத்தம் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை ஆரம்பித்ததிலிருந்துதான் இந்த வம்பு. மாத்திரையை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பள்ளியில் ஆசிரியைகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. இடைவேளை மணி அடித்ததும் ரேஷன் கடை போல வரிசை நிற்கும். அதனால் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கப் பழகியிருந்தோம். பிள்ளைகளுக்கு மட்டும் தண்ணீர் குடிக்கத் தனியாக ஒரு மணி உண்டு. அந்த மணி அடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் பாட்டிலைத் திறந்து குடிக்கிறதா என்று, தொண்டை வறள நின்று நாங்கள் கண்காணிப்போம்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீடு மாடியில் இருக்கிறது. நான், என் கணவர், அவருடைய அப்பா, அம்மா என்று நான்கு பேர். கழிப்பறை இங்கேயும் ஒன்றுதான். மாமா தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நேரம் தவறாமல் செய்கிற ஒரே காரியம் காலையில் அங்கே போவதுதான். உள்ளே யாராவது இருந்தால் கதவைத் தட்ட மாட்டார், மரியாதைக்காரர். வெளியே நின்று இருமுவார். முதல் இருமலில் பொறுமை இருக்கும், இரண்டாவதில் வருத்தம் இருக்கும். மூன்றாவது இருமலுக்கு நான் வந்த காரியம் ஆகாமலே எழுந்து வெளியே வந்துவிடுவேன்.

அத்தைக்குக் காது கூர்மை. ஒரு நாள் காலையில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் குரல் கேட்டது.

"ஏம்மா, போயி எம்மா நேரமா ஒக்காந்துனு இருக்கே. ஆச்சா இல்லியா?"

"ஆச்சு அத்தை."

"எங்க ஆச்சு? ஒரு சத்தமும் கேக்கல. எத்தினி நாளா இப்படி?"

கணக்கு ஆசிரியை என்பதால் பதில் எனக்குத் துல்லியமாகத் தெரியும். சொல்லவில்லை.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சர்ச் சபையில் பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர். சமையலில் கெட்டிக்காரி. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து நான் உண்டாகியிருந்ததால், அந்தப் பிள்ளையைக் காக்கும் பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று அவரே எடுத்துக்கொண்டார். அவர் போட்ட சட்டங்களை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கல்லாகிறது. பப்பாளியும் அன்னாசியும் கலைத்துவிடும். கொய்யா சளி பிடிக்கும். வாழைப்பழம் குளிர்ச்சி, பெங்களூர்க் குளிருக்கு ஆகாது. கீரை ராத்திரியில் ஆகாது, பகலில் நான் வீட்டில் இல்லை. ராகிக் களி கனம். தண்ணீர் அதிகம் குடித்தால் பிள்ளைக்கு நீர் கோத்துக்கொள்ளும். நடந்தால் அலுங்கும். இவ்வளவையும் கழித்த பிறகு எனக்கென்று மிஞ்சியது வெள்ளைச் சோறு, வறுத்த கறி, பன், ரஸ்க், குங்குமப்பூ போட்ட பால். ஒரு பெண்ணுக்கு மலச்சிக்கலை வரவழைத்தே தீருவது என்று கமிட்டி போட்டுத் திட்டம் தீட்டியிருந்தால்கூட இத்தனை சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

அந்த வாரம் புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. வாரம் ஒரு வீடு என்று முறை வைத்துப் பெண்கள் கூடுவார்கள். பாட்டு, வசனம் எல்லாம் முடிந்ததும் ஜெபக்குறிப்பு கேட்பார்கள். யாருக்கு என்ன குறையோ அதைச் சொன்னால், எல்லாருமாகச் சேர்ந்து ஜெபிப்பார்கள். ஒரு அம்மாவின் மகனுக்கு விசா வர வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு மூட்டு வலி. மூன்றாவதாக ஒருவர், வீட்டுப் பட்டா மாற்றித் தராமல் இழுத்தடிக்கிற அதிகாரியின் மனம் இளக வேண்டும் என்றார். நான் டீத்தட்டோடு கூடத்துக்கு வந்த நேரம் அத்தை வாயைத் திறந்தார்.

"எங்க மருமவளுக்காக ஜெபிச்சுக்கோங்க. பாவம், வெளிய போவவே மாட்டேங்குது. உள்ள போயி ஒக்காந்துனே இருக்குது பொண்ணு."

தட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. எல்லா முகமும் என் பக்கம் திரும்பி, பிறகு பக்தியோடு கண்களை மூடிக்கொண்டன. கூட்டத்தை நடத்துகிற அக்கா கையை உயர்த்தினார். அவருக்கு மைக் தேவையில்லை, குரல் அடுத்த தெரு வரை போகும்.

"ஆண்டவரே, உமக்கு மறைவானது ஒன்னுமில்ல. இந்த மகளோட வயித்துக்குள்ள என்னென்ன இருக்குதுன்னு உமக்குத் தெரியும். புள்ளையப் பத்திரமா உள்ளயே வச்சு, மத்ததையெல்லாம் சீக்கிரமா வெளிய வரப்பண்ணும் சாமி."

ஆமென் என்றார்கள் எல்லாரும். அவமானத்தில் எனக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் எனக்கு என்ன தேவை என்பதை இவ்வளவு தெளிவாக அதற்கு முன் ஒருவரும் சொன்னதில்லை.

மறுநாளிலிருந்து என்னால் தெருவில் இறங்க முடியவில்லை. பெங்களூரில் யாரைப் பார்த்தாலும் 'ஊட்டா ஆய்த்தா' என்று கேட்பார்கள். சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம், வணக்கம் சொல்கிற மாதிரி. என்னிடம் மட்டும் முன்னால் இருக்கும் சாப்பாட்டை வெட்டிவிட்டார்கள். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மா கோலப்பொடி கையோடு நிமிர்ந்து "ஆய்த்தா?" என்றார். பூக்காரம்மா "ஆச்சா கண்ணு?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவிலிருந்து ஒரு ஆன்ட்டி, பாட்டின் நடுவே என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திக் கேட்டார். நான் உதட்டைப் பிதுக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த அடியை இன்னும் உருக்கமாகப் பாடினார்.

ஜெபித்தவர்கள் ஜெபத்தோடு நின்றிருந்தால் அவர்களுக்கு நான் நன்றி சொல்லியிருப்பேன். ஆளாளுக்கு ஒரு பொட்டலத்தோடு வந்தார்கள். நிலாவரைப் பொடி வந்தது, கடுக்காய்ப் பொடி வந்தது. எது எதிலோ சேர்த்து இடித்த, பெயர் சொல்ல மறுத்த ஒரு கறுப்பு உருண்டையும் வந்தது. "இது போட்டா காலைல ஓட்டமா ஓடுவே" என்று அதைக் கொண்டுவந்தவர் உறுதி சொன்னார். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எதற்கு ஓட வேண்டும்? எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜுக்கு மேல் வரிசையாக வைத்தேன். ஒன்றையும் பிரிக்கவில்லை. பள்ளியிலும் விஷயம் கசிந்திருந்தது. கன்னட ஆசிரியை வெந்நீரில் நெய் என்றார். உயிரியல் ஆசிரியை, குடல் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதைக் கரும்பலகையில் போடுவது போலக் காற்றில் வரைந்து காட்டினார். அவர் வரைந்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

என் கணவர் புதுக் காலத்து ஆள். மென்பொருள் வேலை. நான் உண்டான நாளிலிருந்து எதையும் 'நமக்கு' என்றுதான் பேசுவார். நமக்கு ஸ்கேன், நமக்கு வாந்தி, நமக்கு ரத்தம் குறைவு. அன்றும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நமக்கு மோஷன் போச்சா?"

"உனக்குப் போச்சு. ஃபோனோட உள்ள போனே, பாட்டுப் பாடினு வெளிய வந்தே. நான்தான் பாத்தேனே."

அவர் என் கைபேசியில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் அலாரங்களை வைத்தார். அவை பாடம் நடக்கிற நேரத்தில் அருவி கொட்டுகிற சத்தத்தோடு ஒலித்தன. ஒன்பதாம் வகுப்பு எனக்காக ஒரே குரலில் "மிஸ், வாட்டர்!" என்று கத்தியது. கழிப்பறையில் உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்ள என்று இணையத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் வாங்கினார். நல்ல பொருள்தான். ஆனால் பெட்டியைப் பிரித்ததும் அதன் உயரம் அத்தைக்குப் பிடித்துப்போய்விட்டது. அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார், பிறகு அது சமையலறையிலேயே தங்கிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பு. வளைகாப்புக்கு நாள் குறித்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

ஏழாம் மாதம், சனிக்கிழமை வளைகாப்பு என்று முடிவானது. இரவுச் சாப்பாட்டின்போது அத்தை அறிவித்தார்.

"வெள்ளிக்கெழம காலைல வெறும் வயித்துல வெளக்கெண்ணெ குடுத்துடலாம். வயித்தக் கழுவி விட்டுட்டுத்தான் வளையல் போடணும். இவ கஷ்டமும் அதோட தீந்துடும்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார்.

"எங்கம்மா காலத்துலேருந்து இந்த வீட்டு வழக்கம். காபில கலந்து குடு, வாட தெரியாது."

பப்பாளித் துண்டு ஒன்று வாயில் பட்டால் பிள்ளை போய்விடும், அரை டம்ளர் விளக்கெண்ணெய் போனால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது! இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. எங்கள் பேட்டையில் யாருக்காவது நாள் கடந்தும் வலி வரவில்லை என்றால், இதே பெண்கள் இதே கூடத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் வெளக்கெண்ணெ குடு, தன்னால வலி கண்டுடும்" என்று பேசுவதை நானே கேட்டிருக்கிறேன். பத்தாம் மாதத்தில் வலியைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிற எண்ணெய், ஏழாம் மாதத்தில் மட்டும் சமர்த்தாக வயிற்றைக் கழுவிவிட்டுத் தன் வழியில் போய்விடுமாம். எப்படி அதற்கு மாதம் தெரியும்? காலண்டர் பார்க்குமா?

இதைச் சத்தமாகக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் காத்திருந்து வந்த பிள்ளை, அப்போதுதான் உள்ளிருந்து உதைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. அதை ஒரு டம்ளர் காபியில் தொலைத்துவிடுவேனோ என்று சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கணவரிடம் சொன்னேன்.

"உங்கம்மா கிட்ட நீ சொல்லு. எண்ணெ வேணாம்னு சொல்லு."

"அம்மா ஃபீல் பண்ணுவாங்கப்பா. வேணும்னா வாயில வாங்கினு பாத்ரூம்ல போயி துப்பிடு. அவங்களுக்கும் திருப்தி, நமக்கும் சேஃப்."

"பாதி தொண்டைக்குள்ள போயிட்டா? உங்கம்மாவோட ஃபீலிங்குக்காக என் புள்ள வெளிய வரணுமா?"

"என் புள்ளயா? நம்ம புள்ள."

"அப்ப நம்ம எண்ணெய நீ குடி."

அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். புதுக் காலமெல்லாம் அவருடைய அம்மாவின் சமையலறை வாசல் வரைதான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆகவே நான் ஒரு பொய் சொன்னேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போக வேண்டிய நாள். "வீட்டுப் பெரியவங்க யாரையாவது கூட்டினு வரச் சொன்னாங்க அத்தை" என்றேன். பெரியவங்க என்ற வார்த்தை வேலை செய்தது. அத்தை ஞாயிற்றுக்கிழமைப் புடவையைக் கட்டிக்கொண்டு, பவுடர் போட்டுக்கொண்டு எனக்கு முன்பே செருப்பு மாட்டி நின்றார்.

கம்மனஹள்ளிப் பக்கம் இருக்கிற சிறிய கிளினிக். டாக்டரும் அத்தை வயதுப் பெண்மணிதான், கன்னடக்காரர். நோயாளிகளிடமே தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும் அத்தை தொண்டையைச் செருமினார். அவர் ஆரம்பித்தால் ஜெபக்குறிப்பில் போய் நிற்கும் என்று தெரிந்ததால் நான் முந்திக்கொண்டேன்.

"எனக்கு மலச்சிக்கல் மேடம். ரொம்ப நாளா. அன்னைக்கு டைஜெஷன்னு சொன்னது இதத்தான்."

அவர் சிரிக்கவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று மட்டும் கேட்டார். ரத்தம் வருகிறதா, வயிறு விட்டுவிட்டு வலிக்கிறதா, வாந்தி இருக்கிறதா என்று விசாரித்தார். படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.

அவர் சொன்னதில் ஒன்றுகூட அதிசயமானது இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கர்ப்பத்தில் குடல் மெதுவாகத்தான் வேலை செய்யும், இரும்பு மாத்திரை அதை இன்னும் மெதுவாக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ரத்தம் குறைவாக இருக்கிறது, வேறு வகை மாற்றித் தருகிறேன் என்றார். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கொய்யா, வாழை, ஆரஞ்சு, கீரை, பருப்பு, ராகி, எல்லாம் சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகு நிதானமாக நடக்க வேண்டும். வருகிற நேரத்தில் அடக்கக் கூடாது, வராத நேரத்தில் முக்கக் கூடாது. காலுக்கு ஒரு முக்காலி வைத்துக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருங்கள் என்றபோது அத்தை வேறு பக்கம் பார்த்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வீட்டுச் சட்டம் ஒன்று ரத்தாகிக்கொண்டிருந்தது. நான் ஓரக்கண்ணால் அத்தையைப் பார்த்து ரசித்தேன், மறைப்பானேன்.

"இதுக்கும் சரியாகலன்னா இந்த சிரப் எழுதியிருக்கேன். குடலுக்குள்ள தண்ணி சேத்து இளக்கும், கர்ப்பத்துல குடுக்கறதுதான். நான் சொன்ன அளவுதான் எடுக்கணும். அவங்க குடுத்தாங்க இவங்க குடுத்தாங்கன்னு பொடி, பேதி மாத்திரை எதுவும் சும்னே சாப்பிடக்கூடாது. ரத்தம் வந்தா, வயிறு இறுக்கிப் பிடிச்சா, உடனே வரணும். ஆய்த்தா?"

இங்கேயும் ஆய்த்தாவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, வந்த காரியத்தைக் கேட்டேன்.

"விளக்கெண்ணெய் மேடம்? வளைகாப்புக்கு முன்னாடி குடிக்கறது எங்க வீட்டு வழக்கம். நாளைக்குக் குடிக்கணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பேடா, வேணாம். கண்டிப்பா பேடா. அது குடலோட நிக்காதும்மா, கர்ப்பப்பையும் சுருங்க ஆரம்பிக்கலாம். ஏழாம் மாசத்துல வலி வந்துட்டா ஆமேலே என்ன பண்றது?"

அத்தை சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். நாங்களெல்லாம் குடிக்கலையா, எங்கள் பிள்ளைகள் வளரவில்லையா என்று ஆரம்பிப்பார், அதற்கு நான் கொடுக்க வேண்டிய பதில்களை ஆட்டோவிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. அவர் மடியில் இருந்த கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே, ஜெபக்கூட்டத்தில் நான் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்.

"ஏழாம் மாசத்துல குடுத்தா புள்ள வெளிய வந்துடுமா டாக்டரம்மா?"

"எல்லாருக்கும் வராது. சில பேருக்கு வலி வரலாம். எதுக்கு அந்த ரிஸ்க்?"

"எனக்கு வந்துச்சு" என்றார் அத்தை.

என் கணவர் இந்த வீட்டின் மூத்த பிள்ளை, ஒரே பிள்ளை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவருக்கே அப்படித்தான் தெரியும். அத்தை என்னைப் பார்க்கவில்லை. டாக்டரைப் பார்த்தே சொன்னார்.

"எம் மவனுக்கு முன்னாடி ஒன்னு. பொண்ணு. நான் அப்ப ஊதுவத்தி கம்பெனில வேல செஞ்சுனு இருந்தேன். நல்ல வேல, நான்தான் அங்க சூப்பர்வைசரு. வளைகாப்புக்கு மொத நாள் காலைல மாமியார் எண்ணெ குடுத்தாங்க. கொஞ்சம் வயிறு போச்சு, அப்புறம் சரியாயிடுச்சுன்னு வேலைக்குப் போயிட்டேன். பஸ்ஸுல கூட்டம், நின்னுனுதான் போனேன். திரும்பி வரும்போது வலி வந்துடுச்சு. புள்ள ஒரு பகல் இருந்துச்சு."

டாக்டர் மேசைமேல் திறந்திருந்த என் ஃபைலை மூடி வைத்தார்.

"பஸ்ஸுல நின்னு குலுங்குனதாலதான்னு சொன்னாங்க. மாமியாரு, வீட்டுக்காரரு, எல்லாரும். 'சம்பாதிக்கப் போயி புள்ளையத் தின்னுட்டா'ன்னு சொன்னாங்க. நானும் அதான்னு நெனச்சுக்கினேன். அதோட வேலைய விட்டுட்டேன். அடுத்தது இந்த மவன். இவனுக்கு வளைகாப்பே வைக்கல, பயந்துனு. கட்டில உட்டு எறங்க உடல. நல்லாப் பொறந்தான். பாத்தியா, பஸ்ஸுதான்னு அப்பவும் சொன்னாங்க."

கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது புரிய நேரமாகவில்லை. இரண்டாவது முறை பஸ்ஸும் இல்லை, வளைகாப்பு இல்லாததால் எண்ணெயும் இல்லை. இரண்டும் இல்லாமல் பிள்ளை பிழைத்தது. பழியை மட்டும் அவர்கள் பஸ்ஸின் மேல் போட்டார்கள், அதாவது அதில் ஏறிப்போன அத்தையின் மேல். எண்ணெய்ப் பாட்டில் மரியாதையாகத் தன் அலமாரிக்குத் திரும்பி, இத்தனை வருடம் எனக்காகக் காத்திருந்தது. நான்காவது வரியில் தப்புப் போட்டுவிட்டு விடையை மனப்பாடமாக எழுதுகிற பிள்ளைகளை நான் பெஞ்சு மேல் ஏற்றுவேன். இவர்களை எதன் மேல் ஏற்றுவது?

டாக்டர் மேசைக்கு மேல் கையை நீட்டி அத்தையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இவ்வளவு வருஷம் கழிச்சு எண்ணெயாலதான் ஆச்சுன்னு நான் சொல்ல முடியாது. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா பஸ்ஸுல நின்னுட்டு வேலைக்குப் போற கர்ப்பிணிங்களத்தான் நான் தினமும் பாக்கறேன். அதனால உங்க புள்ள போகல. அத மட்டும் நான் சொல்வேன்."

அத்தை தலையை ஆட்டினார். அழவில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் முட்டியது. அவரைக் கேலி செய்யச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாயிலேயே கிடந்தன, அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த சிரப்பும் கொய்யாவும் நடையும் சேர்ந்து வேலை செய்தன, பிள்ளையும் நேரத்துக்கு நல்லபடியாகப் பிறந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல மனம் வராது.

திரும்பும்போது அத்தை மருந்துக்கடையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். அவரே இறங்கி சிரப்பை வாங்கி, பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். நெரிசலில் ஒரு நகரப் பேருந்து எங்களை ஒட்டி நின்றது. அதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களை, பேருந்து நகர்கிற வரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொள்ள எனக்குத் தோன்றியது, பிடித்துக்கொண்டேன். அவர் விடுவித்துக்கொள்ளவில்லை.

வீட்டில் மாமா கூடத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் பெரிதாக வைத்திருந்தார். எங்களைக் கண்டதும் கொஞ்சமும் குறைக்காமலே கேட்டார்.

"என்ன சொன்னாங்க டாக்டரு? நாளைக்கு எண்ணெ குடுக்கலாம்தானே?"

அத்தை செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சிரப் பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு டிவிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"பஸ்ஸு இல்லியாம்" என்றார்.

மாமா திரை தெரிவதற்காகக் கழுத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார்.

"எந்த பஸ்ஸு?" என்றார்.